நீராவிக் குழாய் எங்கே ஒழுகுகிறது

பிப்ரவரி மாதத்தில் பர்மிங்காமின் ஹாக்லி மேட்டில் விடிகிறது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். தெருவிளக்கை அணைப்பார்கள், சரி, விடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். அதற்குள் கெல்வே முலாம் பட்டறையில் முதல் வரிசை ஹேண்டில்பார்கள் தொட்டிக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

சைக்கிள் ஹேண்டில்பார்களைச் செம்புக் கம்பியால் இரும்புச் சட்டத்தில் கட்டுவது எங்கள் வேலை. ஈரத்தில் விரல் விறைத்துப்போய்க் கம்பி முறுக்க வராது. கட்டி முடித்த சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கி, வயிற்றில் முட்டுக்கொடுத்துக் கொண்டுபோய், குரோமிய அமிலத் தொட்டியின் மேல் கம்பியில் மாட்டி இறக்குவோம். கருஞ்சிவப்பாக இருக்கும் அந்தத் திரவம். கரண்ட் பாய்ந்ததும் குபுகுபுவென்று நுரைக்கும். நுரை உடைந்து மஞ்சள் ஆவியாக எழும்பி முகத்தில் அடிக்கும். பழைய சாவியை வாயில் போட்டுக் கடித்த மாதிரி ஒரு ருசி நாக்கில் நாள் முழுக்க நிற்கும். சாயங்காலம் ஆட்டிறைச்சிக் குழம்பு சாப்பிட்டாலும் அதே சாவிதான்.

ஆவியை இழுத்து வெளியே தள்ள ஒரு விசிறி இருந்தது. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க அது ஓடவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாங்கள்தான் நிறுத்தச் சொன்னோம். ஆவியோடு சேர்த்துப் பட்டறையில் இருக்கிற கொஞ்சநஞ்ச சூட்டையும் அது இழுத்துக்கொண்டு போனது, நடுங்கிப்போய்க் கேட்டோம். அன்றைக்கே நிறுத்திவிட்டார் முதலாளி கெல்வே. நாங்கள் கேட்ட எதையும் அந்த மனிதர் அன்றன்றைக்கே செய்து கொடுத்ததில்லை. அப்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அமிலம் முதலில் கையில்தான் வேலையைக் காட்டும். விரல் முட்டியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குழி விழும். ஆறவே ஆறாது. சனிக்கிழமை நடனத்துக்குப் போகும்போது எங்கள் பட்டறைப் பெண்கள் மட்டும் கையுறையைக் கழற்ற மாட்டார்கள். "என்னம்மா, ராஜகுமாரியா?" என்று பையன்கள் கேலி செய்வார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

கைக்கு அடுத்தது மூக்கு. உள்ளே பொருக்குத் தட்டும், எரியும், ரத்தம் கசியும். முதலாளி ஒரு டப்பா வாஸ்லின் வாங்கி வைத்திருந்தார், பூசிக்கொள்வோம். பிறகு ஒரு நாள் வலி நின்றுபோகும். எனக்கு நின்றபோது சந்தோஷப்பட்டேன். ஒரு வாரம் கழித்துக் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தபோது மெல்லிய விசில் சத்தம் கேட்டது. அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டேனோ என்று போய்ப் பார்த்தேன். கெட்டில் அலமாரியில் இருந்தது. சத்தம் என் மூக்கிலிருந்து வந்தது.

இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து நான் வாயால்தான் மூச்சு விட்டேன். இரவில் சுவர்ப் பக்கம் திரும்பி வாயைத் திறந்துகொண்டு படுப்பேன். என் புருஷன் ஹெரால்டு நான் ஏதோ கோபத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது.

வெளியே சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும், மூக்கைத் தின்னுகிற வியாதி எது என்று. யுத்தத்துக்குப் போன சிப்பாய்கள் கண்ட பெண்களிடமும் போய் அதை வாங்கிக்கொண்டு வந்தார்கள் என்பார்கள். வாங்கிக்கொண்ட பெண்ணைப் பற்றி வேறு மாதிரி பேசுவார்கள். ஹெரால்டுக்குத் தட்டைப் பாதம் என்று படையில் எடுக்கவில்லை. மனிதர் பர்மிங்காமைத் தாண்டியதே இல்லை. அப்படியானால் எனக்கு எங்கிருந்து வந்தது? படுத்துக்கொண்டு இதையே யோசித்து யோசித்து, செய்யாத பாவத்துக்கெல்லாம் கணக்குப் பார்த்தேன்.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் பட்டறையில் தொட்டிகளுக்குக் கரண்ட் கொடுக்கும் டைனமோவைப் பார்த்துக்கொள்பவர் சிட் பாட்டன். மதுக்கடையில் அவருடைய வித்தை பிரபலம். தையல் நூலை ஒரு துவாரத்தில் விட்டு மறு துவாரத்தில் எடுத்து, மீசையைத் துடைப்பது மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்துக் காட்டுவார். பார்த்தவர்கள் பீர் வாங்கிக் கொடுப்பார்கள். கடற்படையில் குத்துச்சண்டை போட்டபோது விழுந்த ஓட்டை என்பார். நாங்களும் அதை நம்பினோம்.

எங்கள் ராஜா இறந்ததற்கு அடுத்த வாரம் தெல்மா ட்ரான்டருக்கு மூக்கில் ரத்தம் கொட்டியது.

தெல்மா என் பக்கத்துத் தொட்டி. கல்யாணமாகி இன்னும் குழந்தை இல்லை. புருஷன் லென் பஸ் கண்டக்டர். பளபளவென்று எடுத்த ஹேண்டில்பார் மேல் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்ததைக் கெல்வே கதவருகிலிருந்தே பார்த்துவிட்டார். கம்பெனி டாக்டர் வந்திருந்த நாள் அது. உடனே ஆபீசுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவள் நேரே பின்முற்றத்துக்குப் போனாள். கரிக் குவியலுக்குப் பக்கத்தில் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

"என்னடி சொன்னாங்க?" என்றேன்.

"மூக்குக்குள்ள ஓட்டையாம்."

என் மூக்கை ஏப்ரன் நுனியால் மறைத்துக்கொண்டேன். "அதுக்கு?"

"டாக்டர் ஒண்ணும் சொல்லல, ஐடா. கெல்வேதான் கேட்டாரு, உன் புருஷன் பட்டாளத்துல எங்க இருந்தான்னு. கெய்ரோன்னு சொன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமையோட நின்னுக்கம்மா, மத்த பொண்ணுங்க நல்லா இருக்க வேணாமான்னாரு."

"டாக்டர் ஏன் வாயத் தொறக்கல?"

"தொப்பியத் தேடிக்கிட்டு இருந்தாரு."

வீட்டுக்குப் போனதும் லெனிடம் கேட்டிருக்கிறாள். கெய்ரோவில் எவளிடம் போனாய் என்று இவள் கேட்க, நான் யாரிடமும் போகவில்லை, நீ இங்கே என்ன செய்தாய் என்று அவன் கேட்க, அவனுடைய பூட்ஸ் ஜன்னல் வழியாகத் தெருவில் விழுந்தது. அவன் பூட்ஸைப் பொறுக்கிக்கொண்டு வின்சன் கிரீனில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். தெருவே வேடிக்கை பார்த்தது.

மறுநாள் காலை, சுவரில் வரிசையாகத் தொங்கும் டீக் குவளைகளில் தெல்மாவின் நீலக்கரைக் குவளையைக் காணவில்லை. தரை துடைக்கும் துடைப்பம் மாட்டும் ஆணியில் தனியாகத் தொங்கியது. யார் மாற்றினார்கள் என்று தெரியாது. யாரும் எடுத்துத் திரும்ப மாட்டவும் இல்லை. தெல்மா அதைப் பார்த்தாள். அங்கேயே போய் எடுத்துக் குடித்து, கழுவி, அதே ஆணியில் மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை ராஜாவை அடக்கம் செய்தார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு நாடு முழுக்க இரண்டு நிமிஷம் மௌனம். கெல்வே கறுப்பு டை கட்டிக்கொண்டு கதவருகில் வந்து நின்றார். அவருடைய மரியாதையில் குறை சொல்ல முடியாது. "சிட், எல்லாத்தையும் நிறுத்து. ஒரு சத்தம் வரக் கூடாது," என்றார். சிட் டைனமோவை நிறுத்தினார். பாலிஷ் சக்கரங்கள் நின்றன, தொட்டிகளைச் சூடாக்கும் நீராவியின் வால்வை மூடினார்கள், குழாய்த் தண்ணீரையும் அடைத்தார்கள். தெருவில் பஸ் நின்றது.

நான் அந்தப் பட்டறைக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. சட்டங்களிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. பிறகு அந்த விசில் கேட்டது.

மரியாதைக்காக எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தோம்; போச்சு, மானம் போச்சு என்று நினைத்தேன். ராஜாவுடைய மௌனத்தில் என் மூக்கு பாடுகிறதே! அப்படியே மூச்சை அடக்கினேன். விசில் நிற்கவில்லை. என்னுடையது இல்லை அது, இடப்பக்கம் தெல்மாவினுடையது. தலையைக் குனிந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். கழுத்து முழுக்கச் சிவந்துபோயிருந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று, கொஞ்சம் தடித்த குரலில். தொட்டி வரிசையின் கடைசியில் ஒன்று. எனக்குப் பின்னால் ஒன்று, இழுக்கும்போது ஒரு சுரமும் விடும்போது ஒரு சுரமுமாக. டைனமோ இருந்த மூலையிலிருந்து சிட்டின் மூக்கும் சேர்ந்துகொண்டது. அடக்கி வைத்த மூச்சை நானும் விட்டேன், வேறு வழியில்லை. பட்டறை முழுக்கத் தலையைக் குனிந்தபடி ஒருவர் மாற்றி ஒருவராக விசிலடித்துக்கொண்டிருந்தோம்.

ஒருத்தி மெல்லக் கண்ணைத் திறந்தாள். இன்னொருத்தி திறந்தாள். நான் தெல்மாவைப் பார்த்தேன். தெல்மா என்னைப் பார்த்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது, ராஜாவுக்காக இரண்டையும் விழுங்கினோம்.

தெருவில் பஸ் கிளம்பியது. கெல்வே தொண்டையைச் செருமினார்.

"சரி, வேலையப் பாருங்க. சிட், நீராவிக் குழாய் எங்கயோ ஒழுகுது. எங்கன்னு பாத்து அடை. கரி என்ன விலை விக்குது?"

சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். சிட் டைனமோவின் கைப்பிடியில் கையை வைத்தார்; இறக்கவில்லை.

முதலில் பேசியவள் நான்ஸ் ஹாட்லி. எங்களில் மூத்தவள், யுத்தத்துக்கு முன்பிருந்தே அந்தத் தொட்டிகளில் நிற்பவள். வாய் பொல்லாதது.

"அட கழுதைங்களா, எல்லாருக்குமா?" என்றாள்.

"உங்களோடது கேக்கலியே, நான்ஸ்," என்றேன்.

"என்னுது பாடாது கண்ணு. பெருசாயிடுச்சு. சின்ன ஓட்டைதான் விசிலடிக்கும்." ஏப்ரன் பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து, மூக்கின் ஒரு பக்கம் விட்டு மறு பக்கம் எடுத்துக் காட்டினாள். ஏதோ பொத்தான் போடுவது மாதிரி அலட்டிக்கொள்ளாமல் செய்தாள். "எத்தன வருஷமா வச்சிருக்கேன்! செத்துப்போன என் புருஷன மனசுக்குள்ள எத்தன திட்டு திட்டியிருக்கேன் தெரியுமா? பாவம், அந்த ஆளு சர்ச்சுல மணியடிச்சிட்டு இருந்தவன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தெல்மா சிரிக்கவில்லை.

"அப்ப எனக்கு அந்த வியாதி இல்லையா?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள். "லென் ஒண்ணும் பண்ணலியா?"

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்தத் துடைப்ப ஆணி என் கண் எதிரில்தான் இருந்தது.

"சிட்," என்றாள் நான்ஸ். "கடற்படைல எவன் உன் மூக்குல குத்தினான்? பேரச் சொல்லு."

சிட் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "யாரும் குத்தல. நான் குத்துச்சண்டையே போட்டதில்ல. கப்பல்ல சமையக்காரனா இருந்தேன்," என்றார். "ஒரு வருஷம் இந்தத் தொட்டி மேல கம்பி மாட்டிட்டு இருந்தேன், அதுக்கப்புறம்தான்... எல்லாரும் கேட்டாங்க. என்னத்தச் சொல்றது? வேடிக்கையாக்கிட்டேன்."

அவர் டைனமோவைப் போடவில்லை. நாங்களும் சட்டத்தைத் தொடவில்லை. தெல்மாவின் குவளையை நான் போய் எடுத்துவந்து என் குவளைக்குப் பக்கத்தில் மாட்டினேன். ரொம்பத் தாமதமாகச் செய்த வேலை. யாரும் பாராட்டவில்லை, சரிதான்.

சத்தம் வராததைக் கேட்டுக் கெல்வே வெளியே வந்தார்.

"என்ன, ராஜாவுக்கு இன்னும் துக்கம் தீரலியா?"

"நீராவிக் குழாய் எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சிட்டோம் சார்," என்றாள் நான்ஸ். "வந்து பாக்குறீங்களா?"

"சிட் பாத்துப்பான்."

"சிட்டும் ஒழுகுறாரு சார்."

கெல்வேக்குப் புரியவில்லை. புரிந்தபோது முகம் மாறியது, ஆனாலும் சமாளித்துக்கொண்டார். "இங்க பாருங்க, சட்டப்படி உங்களுக்கு வாஸ்லின் குடுத்திருக்கேன். ஃபேன் வச்சுக் குடுத்தேன். குளிருது, நிறுத்துங்கன்னு என் வாசல்ல வந்து நின்னது யாரு? நானா? நீங்கதானே?"

உண்மைதான். தரையைப் பார்த்தோம். அந்தத் தரையை நாங்கள் பார்ப்பதில் அவருக்கு எப்போதும் ஒரு திருப்தி.

நான் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை. "கேட்டோம் சார். குளிருச்சு, கேட்டோம். நிறுத்தினா மூக்கு போயிடும்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க ஏன் எப்பவும் அந்தக் கதவத் தாண்டி வர்றதில்ல?"

கெல்வே குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பூட்ஸ் நுனி கதவுப்படியில்தான் இருந்தது. பின்வாங்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

அப்போது தெல்மா வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"சிட்டுக்கு என்ன வியாதி சார்?"

"என்னம்மா உளர்ற?"

"போன கிறிஸ்துமஸ் விருந்துல சிட் நூல் விட்டுக் காட்டினாரே. நீங்க கை தட்டிச் சிரிச்சீங்க. பீர் வாங்கிக் குடுத்தீங்க. பட்டாளத்துல எங்க இருந்தேன்னு அவரக் கேக்கலியே. அவரு பொண்டாட்டியப் பத்திக் கேக்கலியே. அதே ஓட்டைதான சார் எனக்கும்? எனக்கு மட்டும் ஏன் அந்தப் பேர வச்சீங்க?"

கெல்வே கறுப்பு டையை இழுத்துச் சரிசெய்தார். "நான் எந்தப் பேரும் சொல்லல."

"சொல்லல. சொல்லாமலே என் வீட்டப் பிரிச்சிட்டீங்க."

"ராஜாவ மண்ணுல வைக்கிற நாள்ல இப்படி வந்து நிக்கிறீங்களே," என்று கத்தினார் அவர். "வெட்கமா இல்ல?"

"இருக்கு சார். நிறைய இருக்கு," என்றாள் தெல்மா. "அதுல பாதி உங்களுது. வாங்கிக்குங்க."

என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னோம். தெல்மா வேலையில் இருக்க வேண்டும். விசிறி ஓட வேண்டும், குளிருக்கு இரண்டு அடுப்பு வைக்க வேண்டும். கம்பெனி டாக்டர் இல்லாத வேறு ஒரு டாக்டர் வந்து எல்லார் மூக்கையும் பார்க்க வேண்டும். இது பட்டறையால் வந்தது என்று எல்லார் முன்னாலும் கெல்வே தன் வாயால் சொல்ல வேண்டும். கடைசிக் கோரிக்கையைக் கேட்டதும்தான் அவர் உண்மையாகவே பயந்தார் என்று எனக்குத் தோன்றியது.

"திங்கக்கிழமை கேட் உங்களுக்குத் திறக்காது. வெளிய வேலைக்கு ஆள் வரிசைல நிக்குது, தெரியுமில்ல?" என்றார்.

"நிக்கட்டும்," என்றாள் நான்ஸ். "அவங்க கிட்டயும் மூச்சு விட்டுக் காட்டுறோம்."

அவர் சிட்டைப் பார்த்தார். "டைனமோவப் போடு, பாட்டன்."

சிட் தொப்பியைத் தலையில் வைத்தார். டைனமோவின் கைப்பிடியைக் கழற்றி, துணியில் சுற்றி, கெல்வேயின் காலடியில் கதவுப்படியில் வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார். அந்த வயதில் வேறு வேலை கிடைப்பது கஷ்டம். அவருக்கு அது தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஏப்ரன்களை அவிழ்த்து ஆணியில் மாட்டினோம். பாதி முலாமில் விட்ட ஹேண்டில்பார்கள் அப்படியே தொங்கின. வெளியே வந்தபோது சாயங்காலம்கூட ஆகவில்லை. பகல் வெளிச்சத்தில் ஒருவரையொருவர் பார்த்துப் பழக்கமில்லாததால் கூச்சமாக இருந்தது. எல்லார் மூக்கு நுனியும் வாஸ்லினில் மினுங்கியது. திங்கட்கிழமை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. தொழிற்சங்க ஆபீசுக்கு நாளைக் காலை போவதென்று சிட் சொன்னார்.

"நாளைக்குப் போலாம்," என்றாள் நான்ஸ். "இப்ப வேற வேலை இருக்கு. தெல்மா, உன் மாமியா வீடு எங்க?"

"ஐயோ, வேணாம் நான்ஸ். அந்தம்மா என்னய உள்ளயே விடாது."

"உள்ள எதுக்கு? வாசல் போதும்."

வின்சன் கிரீன் வரை கூட்டமாக நடந்தோம். கடைகளில் கறுப்புத் துணி தொங்கியது. துக்கத்துக்குப் போகிறவர்கள் என்று நினைத்து ஒரு கிழவர் எங்களுக்குத் தொப்பியைக் கழற்றினார். தெல்மா நடுவில் நடந்தாள். பழக்கத்தில் கையால் மூக்கை மூடிக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறந்தது மாமியார்தான். முன்னால் தெல்மாவையும் பின்னால் இத்தனை பேரையும் பார்த்ததும் கதவைச் சாத்தப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், நடையில், கண்டக்டர் சீருடையோடு லென் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம்.

"இன்னும் என்ன அசிங்கப்படுத்தணும்?" என்றாள் மாமியார். "தெரு பூரா சிரிக்குது. ஊர்வலமா வேற வந்துட்டீங்களா? இவ என்னத்தத் தூக்கிட்டு வந்தாளோ, என் பையன் தலைல..."

"அம்மா," என்றாள் நான்ஸ், அவ்வளவு தணிந்த குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. "நாங்க எல்லாரும் குரோம் பட்டறை. உங்க கிட்ட சண்டை போட வரல. ரெண்டு நிமிஷம் பேசாம நில்லுங்க. ராஜாவுக்கு நின்னீங்கல்ல, அதே மாதிரி."

மாமியாருக்கு என்ன தோன்றியதோ, வாயை மூடிக்கொண்டாள். லென் படியில் இறங்கி வந்தான். தெல்மா மூக்கிலிருந்து கையை எடுத்தாள்.

நாங்கள் வாயை இறுக்க மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டோம்.